இதயக் கோளாறு உள்ள கைக்குழந்தைங்களுக்குப் போடுற சென்ட்ரல் லைனுக்கு பதிவு அட்டை கேட்டு மனு

மதிப்பிற்குரிய சுகாதாரத்துறை செயலாளர் அவர்களுக்கு வணக்கம்.

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள ஒரு குழந்தையோட அம்மா எழுதுறேன். ஐசியூல இருக்கற பச்சக்குழந்தைக்கு கழுத்துலயோ தொடையிலயோ சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக்குழாய் உள்ள விடுற மெல்லிசான டியூப், பல நேரம் போடாம முடியாதுன்னு தெரியும், அட்ரினலின் மாதிரி மருந்தெல்லாம் கைல போட்டா வெளிய கசிஞ்சு தோலே புண்ணாயிடும், அதனால லைனே வேணாம்னு சொல்ல வரல. போட்ட லைனுக்கு யாரு கணக்கு வச்சிருக்காங்கன்னு தான் கேக்குறேன்.

இந்த வயசுல ரத்தக்குழாய் ரொம்ப சின்னது, லைனே பாதி இடத்த அடைச்சுக்கும், ரத்தம் கட்டிக்கும். ஆக்சிஜன் குறைஞ்சு நீலம் பாய்ஞ்ச குழந்தைக்கு ரத்தமும் கெட்டியா இருக்கும், இதயத்துல ஓட்டை வேற இருந்தா ஒரு சின்ன ரத்தக்கட்டியோ காத்துக்குமிழியோ நேரா மூளைக்குப் போயிடலாம். ஒத்த வென்ட்ரிக்கிள், அதாவது ரத்தத்த பம்ப் பண்ற அறை ஒண்ணு மட்டும் வேலை செய்யுற குழந்தைங்களுக்கு இன்னும் மோசம், அவங்களுக்குப் பண்ற கிளென் ஆபரேஷனே மேல் உடம்பு ரத்தத்த கொண்டு வர்ற பெரிய குழாய நேரா நுரையீரல் குழாயோட இணைக்கிறது, அந்த குழாய நம்பித்தான் இருக்கு, அது அடைஞ்சுட்டா அடுத்த கட்டமே தடுமாறிப்போகுது.

எங்க குழந்தைக்கு வேற ஆஸ்பத்திரில கேத் (ரத்தக்குழாய் வழியா டியூப் விட்டு இதயத்த பாக்குற பரிசோதனை) பண்ண வலது தொடைல பாத்தாங்க, குழாய் அடைஞ்சிருக்கு, முன்னாடி இங்க லைன் போட்டாங்களான்னு கேட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரிய புரட்டி புரட்டி பாத்தோம், ஆபரேஷன் பத்தி அவ்ளோ எழுதியிருக்கு, லைன் பத்தி ஒரு வரி இல்ல. மயக்கத்துல குழந்தை மேஜைல கிடக்க இடது பக்கம் தேடினாங்க.

அதனால எந்த குழாய்ல, என்னைக்கு போட்டது, என்னைக்கு எடுத்தது, அடைப்போ இன்ஃபெக்‌ஷனோ வந்துச்சான்னு எழுதின ஒரு அட்டை குழந்தை கூடவே வர்ற மாதிரி எல்லா ஆஸ்பத்திரிக்கும் உத்தரவு போடணும். தினமும் ரவுண்ட்ஸ்ல இந்த லைன் இன்னைக்கும் வேணுமான்னு கேட்டு எழுதணும், ஏன்னா தேவையில்லாம கிடக்கற ஒவ்வொரு நாளும் கிருமி உள்ள போற வாய்ப்பு கூடுது. லைன்ல மருந்து ஏத்துற மூடிய ஒவ்வொரு தடவையும் தேய்ச்சு சுத்தம் பண்ணி காயவிடறதுக்கு ராத்திரி ஷிஃப்ட்லயும் போதுமான நர்ஸ் வேணும், அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல. லைன் போடறப்போ அல்ட்ராசவுண்ட் பாத்து போட்டா தமனில குத்திடறது குறையும், அந்த மிஷின் ஐசியூ உள்ளயே இருக்கணும்.

ஒரு கால் மட்டும் வீங்கினா, முகம் உப்பினா, லைன் இருக்கறப்போ காய்ச்சல் வந்தா உடனே சொல்லுங்கன்னு பெத்தவங்களுக்கும் அந்த அட்டைலயே தமிழ்ல அச்சடிச்சு குடுக்கணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் தாய்