ஃப்ளை கட்டப் பழக நாட்டுக்கோழி இறகு போதும், காட்டுக்கோழியை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஃப்ளை என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி: மண்புழுவோ மாவோ குத்தாமல், சின்னத் தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சி போலவோ மீன்குஞ்சு போலவோ செய்து அதையே இரையாகக் காட்டுவது. இதைக் கடையில் வாங்காமல் தாங்களே கட்டிப் பழக வேண்டும் என்ற ஆசை இப்போது இளைஞர்கள் பலருக்கு வந்திருக்கிறது. கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும்கூட விசாரிக்கிறார்கள், ரொம்ப சந்தோஷம். ஆனால் வருகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது "காட்டுக்கோழி கழுத்து இறகு எங்கே கிடைக்கும்?" என்றுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று புரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் சால்மன் மீனுக்காகக் கட்டிய ஃப்ளைகளின் படங்களைப் பார்த்திருப்பார்கள். 'ஜாக் ஸ்காட்' போன்றவற்றில் இரண்டு பக்கமும் வெள்ளையும் மஞ்சளுமாக மெழுகுத் துளி சொட்டியது போல ஒரு பளபளப்பான புள்ளி இருக்கும். அது நம் மலைகளில் திரியும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகு. உலகத்தில் வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இந்தப் பறவை கிடையாது, இந்தியாவில் மட்டும்தான், அதிலும் பெரும்பாலும் தெற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும்தான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. பிடிப்பது மட்டுமல்ல, இறகை வாங்குவதும் விற்பதும் குற்றம். வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்து விற்கிறார்களே என்று ஒரு தம்பி கேட்டார். இங்கே ஒருவர் கையில் அந்த இறகைக் கொண்டுவந்து கொடுத்தால் அது எந்தப் பண்ணையிலிருந்தும் வந்திருக்காது, கண்ணி வைத்துப் பிடித்ததாகத்தான் இருக்கும்.

இறகு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லலாம். 2009-இல் டிரிங் என்ற ஊரில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கிளைக்குள், லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர் ஜன்னல் வழியாகப் புகுந்து, பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைத் தோல்களை எடுத்துப் போய்விட்டார். ஃப்ளை கட்டுவதில் பெரிய கைகாரர் அவர். எடுத்தவற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்கை ஆய்வாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் காடு காடாக அலைந்து சேகரித்துக் குறிப்புச் சீட்டு கட்டி அனுப்பியவையும் இருந்தன. பல தோல்களிலிருந்து அந்தச் சீட்டுகள் கழற்றப்பட்டு, இறகுகள் தனித்தனியாக விற்கப்பட்டுவிட்டன. எங்கே, எப்போது பிடித்தது என்ற விவரம் போய்விட்டால் ஆராய்ச்சிக்கு அந்தத் தோலால் அவ்வளவாகப் பயனில்லை. இத்தனையும் மீன் பிடிக்கக்கூட அல்ல, கண்ணாடிச் சட்டத்தில் வைத்துப் பார்க்கிற ஃப்ளைகளுக்காக!

புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு? செயற்கை ஃப்ளையைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய விவரம் ஏலியன் என்ற ரோமானியர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதியது. மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் முள்ளின் மேல் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டி மீன் பிடித்தார்கள் என்கிறார். கம்பளியும் சேவல் இறகும், அவ்வளவுதான். நம் நாட்டுச் சேவலின் கழுத்துத் தோல்களே ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பல் ஏறி மேலைநாட்டு ஃப்ளை கட்டுகிறவர்கள் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன. பிறகு இறகுக்காகவே தனியாக வளர்த்த சேவல்கள் அங்கே பரவலாயின.

முதல் ஃப்ளையாக வெளிநாட்டில் பலரும் சொல்லித் தருவது வுல்லி பக்கர். பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெசிங் என்பவர் 1967-இல் கட்டியது. நல்ல ஃப்ளைதான், ஆனால் வால், உடல், கம்பி, அதன் மேல் இறகு என்று ஒரே நேரத்தில் நாலு வேலை. நான் சொல்வது அதைவிட எளிது: மயிலிறகு இழையில் உடல், முன்பக்கம் நாட்டுக்கோழியின் மெல்லிய இறகில் இரண்டே சுற்று. வேறு ஒன்றும் வேண்டாம். மயில் நம் தேசியப் பறவை, அதைத் தொடவே கூடாது, ஆனால் தானாக உதிர்ந்து கிடக்கும் தோகை இறகைச் சட்டம் தடுக்கவில்லை, பலர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும்.

முள் 10-ஆம் நம்பர் வாங்குங்கள் (நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும், இது புதியவர்களைக் குழப்பும்). கட்டுவதற்கு முன்பே நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் அந்தச் சின்னப் பல்லைக் குறடால் நசுக்கிவிடுங்கள். விரலில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றலாம், மீனையும் காயம் அதிகமில்லாமல் திருப்பி விடலாம், நசுக்கும்போது முள் உடைந்தாலும் கட்டிய வேலை வீணாகாது. முள்ளைப் பிடிக்க ஒரு சின்ன வைஸ், நூலுக்கு ஒரு பாபின், கூர்மையான சின்னக் கத்தரி, இது போதும். முப்பது நாற்பது சாமான் அடைத்த பெட்டிகளை வாங்காதீர்கள், அதில் பாதி கடைசி வரை பிரிக்காமலே கிடக்கும்.

நூலை, தூண்டில் நரம்பு கோக்கும் முள்ளின் தலை வளையத்துக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி, முன் சுற்றின் மேலேயே ஏற்றிப் பின்னோக்கிச் சுற்றினால் அது தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும், முடிச்சு வேண்டாம். மயிலிறகு இழை நாலைந்தை முள்ளின் நுனிப்பக்கம் வைத்துக் கட்டும்போதுதான் முதல் சோதனை. நூலை இழுத்ததும் இழைகள் முள்ளின் மறுபக்கம் உருண்டு ஓடும். அதற்கு வழி, இழையையும் முள்ளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, நூலைத் தளர்வாக விரல்களுக்கு நடுவே மேலே கொண்டுபோய், மறுபக்கம் இறக்கி, விரலை எடுக்காமலே நேராகக் கீழே இழுப்பது. விரல் அசையாமல் இருந்தால் இழை வைத்த இடத்திலேயே நிற்கும். ஃப்ளை கட்டுவதில் பாதி இந்த ஒரு பிடிதான் என்பேன். அப்புறம் இழைகளை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள். தனியாகச் சுற்றினால் முதல் மீனின் பல் பட்டதும் அறுந்துவிடும்.

உடலை வளையம் வரை கொண்டுபோகாதீர்கள். இறகுக்கும் கடைசி முடிச்சுக்கும் இடம் வேண்டும், அதை விடாமல் கட்டினால் வளையத்துக்குள் நூல் புகுந்து நரம்பு கோக்கவே முடியாது. ஆரம்பத்தில் தாராளமாகவே விடுங்கள். இறகை நுனியால் கட்டி இரண்டு சுற்று, இழைகளைப் பின்னால் நீவிவிட்டு முடிச்சு, மேலே ஒரு சொட்டு நிறமில்லாத நகப்பூச்சு. சரியாக வரவில்லையா, பிளேடால் அறுத்துவிட்டு அதே முள்ளில் மறுபடி கட்டுங்கள். முக்கியமாக, வேறு ஃப்ளைக்குத் தாவாமல் இதையே ஒரு பத்துப் பன்னிரண்டு கட்டி வரிசையாக வைத்துப் பாருங்கள், கை எங்கே பழகியது என்று கண்ணுக்கே தெரியும்.

டிரவுட்டுக்கு மட்டும்தான் ஃப்ளை என்றும் நினைக்க வேண்டாம். டிரவுட்டே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன், அவலாஞ்சியில் 1907-இல் பொரிப்பகம் அமைத்த பிறகு இங்கே நிலைத்தது. சமவெளிக் குளத்து ஜிலேபியும் விராலும், கழிமுகத்துக் கொடுவாயும் ஃப்ளையை எடுக்கும், அளவும் வடிவமும்தான் மாறும். காட்டுக்குள் இருக்கும் ஓடை, அணை என்றால் வனத்துறையிடமும் மீன்வளத் துறையிடமும் கேட்காமல் இறங்காதீர்கள்.

வீட்டிலோ கறிக்கடையிலோ நாட்டுச்சேவல் அறுக்கும்போது கழுத்து இறகையும் முதுகின் பின்பக்கத்து நீள இறகையும் கேட்டு வாங்கி, ஷாம்பூ போட்டு அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, பூச்சி முட்டை சாக சில நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சேவலே மாதக்கணக்கில் வரும். அந்த மெழுகுப் புள்ளி கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் கறுப்புக் கோழி இறகில் வெள்ளை, மஞ்சள் நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டிலும் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், மீனுக்கு அதுவே போதும்.

உங்கள் நாளிதழில் பொழுதுபோக்குப் பக்கத்தில் இந்தக் கலையைப் பற்றி எப்போதாவது எழுதினால், காட்டுக்கோழி இறகு பற்றிய சட்டத்தையும் ஒரு பெட்டிச் செய்தியாகச் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.