கூட இருப்பவளின் நாளிலிருந்து தொடங்கு

குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியான செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘நம்ம வீட்டுக்கு வந்து பலாச்சக்கையும் மீன்கறியும் கேட்டு வாங்கித் தின்ன பிள்ளையோட மகளா?’ என்று கேட்டு வெகுநேரம் சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு மூட்டுவலி கூடியிருக்கிறது. ஆனாலும் நல்லமிளகு பறிக்க ஆள் வந்தால் வீட்டுக்குள் இருக்கமாட்டாள். மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நாள்பட்ட நோயோடு வாழும் கிராமத்துக் குடும்பத்துக்கு எழுதிய கேர் பிளான், அதாவது பராமரிப்புத் திட்டம் ஒன்று, உன் நர்சிங் மாணவிகளுக்கு மாதிரியாகக் காட்ட வேண்டும் என்றாய். அனுப்புகிறேன். அதற்கு முன் மனதில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு, பிரச்சினை, இலக்கு, செய்யவேண்டியது, பலன் என்று நாம் கோடு போட்டுப் படித்த ஐந்து கட்டத்தில் குறை இல்லை. ஆனால் அதில் நோயாளிதான் நடுவில் இருப்பார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நடுவில் இருப்பது வேறொருத்தி. மாத்திரையைப் பிரித்துக் கொடுப்பவள், புரட்டிப் படுக்கவைப்பவள், துணி அலசுபவள், இதற்கிடையே கூலி வேலைக்கும் போய் வருபவள். அவள் நாள் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் எழுதும் பிளான் ஃபைலில்தான் கிடக்கும். அதனால் உன் பிள்ளைகள் நோயின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், இந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், எந்த நேரத்தில் வீட்டில் ஆளில்லை என்று கேட்கப் பழகட்டும்.

எங்கள் பக்கத்து வீடு ஒன்றைச் சொல்கிறேன். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. சுகரும் உண்டு. மகனும் மருமகளும் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்துத் திரும்பி வரப் பத்து மணியாவது ஆகும். வீட்டில் அதுவரை இருப்பது கண்புரை வந்த பாட்டி மட்டும்.

ஆசுபத்திரியில் கொடுத்த தாளில் என்ன இருந்தது தெரியுமா? காலை ஏழரைக்கு இன்சுலின், எட்டு மணிக்குச் சாப்பாடு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஒவ்வொன்றும் சரியான வார்த்தைதான். ஏழரை மணிக்கு அதைச் செய்ய அந்த வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவே. பாட்டி மங்கிய கண்ணோடு சிரிஞ்சில் கோடு பார்த்து மருந்து எடுப்பாளா? ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவருக்கு மயக்கம் வந்தால் யார் கண்டுபிடிப்பது?

அளவை மாற்றுவது நம் வேலை இல்லை. ஆனால் அந்த வீட்டின் நேரத்தை எழுதி டாக்டர் கையில் கொடுப்பது நம் வேலை. கொடுத்தபோது, ஆள் இருக்கும் நேரத்துக்குப் பொருந்துகிற மருந்துக்கு அவர் மாற்றி எழுதினார். பாட்டிக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றே: கிழவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து மெல்ல மெல்லக் கொடு, கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடு, நினைவே இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு.

புரட்டுவதும் அப்படித்தான். ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்திரு என்று, மூன்று மணிக்கு வேலைக்குப் போகிறவளிடம் சொல்ல எனக்கு மனம் வராது. சொன்னாலும் நடக்காது. பேரன் பத்து பதினொன்று வரை படிக்கிறான், படுக்கும் முன் அவன் ஒருதரம். மருமகள் கிளம்பும்போது ஒருதரம். இடையில் வரும் இடைவெளிக்கு ஏர் பெட், குதிகாலுக்கும் இடுப்புக்கும் தலையணை. புத்தகத்தில் எழுதியிருப்பதைவிட இது குறைவுதான். ஆனால் தினமும் நடக்கிறது. தோல் சிவந்திருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்றால் எனக்குப் போன் வரும்.

கஞ்சி விஷயத்தையும் மாணவிகளிடம் சொல். பக்கவாதம் வந்தவருக்கு நீர்க்க இருப்பதுதான் எளிதாக இறங்கும் என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறார்கள். வெறும் தண்ணீர்தான் சீக்கிரம் மூச்சுக்குழலுக்குள் போகும். கெட்டியாகக் குழைத்த கஞ்சி, நிமிர்ந்த உட்காரல், தாடை சற்றுக் கீழே, சாப்பிட்ட பின்னும் அரை மணி நேரம் படுக்கவிடாமல் இருப்பது. இதைச் செய்து காட்ட வேண்டும். சொன்னால் மட்டும் போதாது.

நாளைப் போலவே வருடத்தையும் பார்க்க வேண்டும் மக்கா. ரப்பர் பக்கத்தில் கனமழை வந்தால் வெட்டு இல்லை. இலை உதிர்ந்து தளிர்க்கும் மாசி பங்குனியிலும் பெரும்பாலும் வெட்டு நிற்கும். அந்த வாரங்களில் கையில் காசு இருக்காது. பஸ்ஸுக்கும் காசு இல்லாமல் செக்கப்பைத் தள்ளிப்போடுவார்கள், மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இழுப்பார்கள். இது அலட்சியம் இல்லை. அவர்கள் போடும் கணக்கு அது. அதனால் வெட்டு நிற்பதற்கு முன்பே மருந்தும் பரிசோதனையும் முடிகிற மாதிரித் தேதி குறித்து வைக்கிறேன்.

கடற்கரையில் இது வேறு மாதிரி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார்கள். மாமியாருக்கு சுகர் புண், குழந்தைகள் மூன்று, வீட்டில் ஒரே ஒரு மருமகள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபிறகு மகனே திரும்பாத வீடுகளும் அங்கே உண்டு. அந்த வீடுகளில் பிரஷர் பார்க்கும் முன் கொஞ்சநேரம் சும்மா உட்கார வேண்டும். அதையும் பிளானில் எழுதலாம், எழுத வேண்டும்.

ஆனால் அங்கே நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடல் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆண்கள் வீட்டில் இருக்கிற நாட்கள் இவைதாம். கண்புரை ஆபரேஷன், பெரிய ஆசுபத்திரிச் செக்கப், திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆசுபத்திரிக்குப் போய்வருவது எல்லாவற்றையும் முடிந்தவரை இந்த நாட்களில் வைக்கலாம். அதைவிட முக்கியம், மகனுக்குக் கற்றுக்கொடுப்பது. அம்மாவின் கால் விரலிடுக்கைத் தினமும் பார்ப்பது எப்படி, மூத்திரக் குழாயில் மாட்டிய பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டுத் தரையில் படாமல் வைப்பது எப்படி என்று. தேர்ந்த மீனவன் கை நிதானமான கை. கற்றுக்கொடுத்தால் நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள். யாரும் கேட்காததால்தான் அவர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது, சிலது மட்டும். டயாலிசிஸ் செய்கிற ஒருவரைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு கொண்டுவருவது இளநீரும் ஏத்தன் வாழைப்பழமும்தான். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். கிட்னி வேலை செய்யாதவருக்கு அது இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். இதை நோயாளியிடம் சொல்வதைவிட, வருகிற உறவுக்காரர்களிடம் சொல்வது முக்கியம். மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, முழுக்கத் தடுத்தால் எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். வடிப்பது எப்படியும் இங்கே பழக்கம்தான். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். குடிக்கும் தண்ணீருக்கு, ஒரு நாளைக்கு அனுமதித்த அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் நிரப்பி வைக்கச் சொல்வேன். இருதயம் பலவீனமானவர்கள் வீட்டில் கருவாடும் ஊறுகாயும்தான் என் முதல் பேச்சு.

பக்கவாதம் வந்தால் எங்கள் மாவட்டத்தில் வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசானிடம் போகாத குடும்பம் குறைவு. அதை மறைக்க வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளக்கூடாது. எண்ணெய் தடவிப் பிடித்துவிடுவதில் நோயாளிக்கு ஆறுதல் இருப்பதை என் கண்ணால் பார்க்கிறேன். இரண்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தக்கூடாது. உணர்ச்சி இல்லாத கைகாலில் சூட்டு ஒத்தடம் கூடாது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. மரியாதையாகச் சொன்னால் பல ஆசான்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

அரசுத் தரப்பில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உண்மையிலேயே பெரிய துணை. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. ஆனால் பல பேர் வருகிறார்கள், ஒருவர் பார்த்தது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. அதனால் வீட்டிலேயே ஒரு நோட்டு வைத்துவிட்டேன். யார் வந்தாலும் அதில் எழுத வேண்டும், தமிழில். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. வாசிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு, வாசிக்க முடியாத இங்கிலீஷ் சுருக்கெழுத்தில் மருந்து எழுதிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2008-லேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று மாநிலக் கொள்கை வந்து, பஞ்சாயத்தே பணம் ஒதுக்கி நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறது. பாறசாலையில் இருக்கிற அக்காவுக்குக் கிடைப்பது இந்தப் பக்கம் இருக்கிற தங்கைக்கு அதே அளவில் கிடைப்பதில்லை. 1838-லேயே நெய்யூரில் மிஷன் மருத்துவம் தொடங்கிய மண் இது. உலகமெங்கும் நர்ஸ்களை அனுப்புகிற மண். இங்கேயும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கேரளத்தைப் போல வீட்டுக்கே நர்ஸ் வர வேண்டும் என்று நான் போகிற கூட்டத்திலெல்லாம் பேசுகிறேன். அப்புறம், புற்றுநோய் வலிக்கு ‘மார்ஃபின்’ மாத்திரை என்றதும் ‘கடைசி மருந்தா சிஸ்டர்?’ என்று கேட்கிறார்கள். இல்லை, வலிக்கு மருந்து என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மாத்திரை மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கு மருந்தும் முதல் நாளிலிருந்தே எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

நீ வகுப்பில் சொல்வாயே, நாள்பட்ட நோயைப் பற்றி 1980-களில் கார்பின், ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர்கள் எழுதிய மூன்று வகை வேலை. நோய்க்கான வேலை, வீட்டை நடத்தும் வேலை, நோயோடு தன் வாழ்க்கையைத் திரும்ப அமைத்துக்கொள்ளும் வேலை. முதல் இரண்டுக்கும் எப்படியோ ஏதாவது செய்துவிடுகிறோம். மூன்றாவது விடுபட்டுப்போகிறது. முன்பு சொந்தப் படகு வைத்திருந்த ஒருவர் இப்போது படுக்கையில். தினமும் மாலை கடல் எச்சரிக்கையைக் கேட்டு மகனுக்குப் போனில் சொல்வது அவர் பொறுப்பு என்று வீட்டில் முடிவு செய்தார்கள். அதை நான் பிளானில் எழுதிவைத்தேன். மாத்திரை வரிசைக்குப் பக்கத்திலேயே.

கூட இருப்பவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல். அவள் பிரஷர் எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்குகிறாள், கடைசியாக எப்போது தன் அம்மா வீட்டுக்குப் போனாள், வாரத்தில் ஓர் அரைநாள் அவள் இடத்தில் யார் இருப்பார். கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் உடனே வராது. நாத்தனாரையோ பக்கத்து வீட்டு மைனியையோ கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால்தான் வரும். சர்ச்சோ கோயில் கமிட்டியோ சுய உதவிக்குழுவோ உதவுகிற இடங்களும் உண்டு. டயாலிசிஸுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் செலவு கழிந்தாலும், வாரம் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் கூட உட்காருகிறவளின் கூலியை யாரும் தருவதில்லை. மருந்துச் செலவைப் போல இதையும் கணக்கில் எழுதச் சொல்.

மாதிரியை, அடையாளம் எதுவும் தெரியாதபடி மாற்றி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முடிந்தால் மாணவிகளை ஜூன் நடுவிலிருந்து ஜூலைக்குள் அனுப்பு. கடற்கரையில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், இங்கே மழையில் வெட்டு நிற்கும் நாளில் பால்வெட்டுக் குடும்பங்களையும் பகலில் பார்க்கலாம். பேச்சிப்பாறை அணைக்கு அந்தப் பக்கம் காணி மக்கள் குடியிருப்புகளுக்கும் கூட்டிப்போக ஆசை. சில இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைத் தண்ணீரில் குளிர வைப்பதை அவர்கள் பார்க்கட்டும். வனத்துறை அனுமதிக்கு நேரம் எடுக்கும், ஆகவே எத்தனை பேர், எந்த வாரம் என்று சீக்கிரம் எழுது. தங்குவதற்கு எங்கள் வீட்டு மாடி இருக்கிறது. அம்மா இப்போதே சம்மதம் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி