மணல் திரவமா?

டேய் மச்சி,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத, பாதி காரணம் என் வண்டி, மீதி காரணம் உன் பொண்ணு. மணல் எந்தப் பாத்திரத்துல போட்டாலும் அந்த வடிவத்துக்கு வருது, ஊத்துனா ஊத்துது, அப்ப அது திரவம்தானப்பான்னு கேட்டாளாமே, நீ முழிச்சியாமே! நானும்தான்டா முழிச்சேன். நாம மனப்பாடம் பண்ணது அவ்ளோதான, திடப்பொருளுக்கு வடிவம் உண்டு, திரவம் பாத்திரத்தோட வடிவத்தை எடுத்துக்கும், வாயு இடம் பூரா பரவும். அந்த வரிய மட்டும் வச்சுப் பாத்தா அவ சொல்றதுதான் கரெக்ட்.

ஆனா ஒரு டம்ளர் காஞ்ச மணலையும் ஒரு டம்ளர் தண்ணியையும் தரையில கொட்டச் சொல்லு. மணல் குமிஞ்சு நிக்கும், சாய்வு முப்பது டிகிரிக்கு மேல போனாலும் சரியாம தாங்கும், ஏன்னா ஒரு துகள் இன்னொன்னோட உரசிப் பிடிச்சுக்குது. தண்ணியில மூலக்கூறெல்லாம் தொட்டுக்கிட்டுதான் இருக்கு, ஆனா ஒண்ண ஒண்ணு வழுக்கிட்டுப் போயிட்டே இருக்கும், குமிஞ்சு நிக்காது. மணல்ல ஓடுறது குட்டிக் குட்டிக் கல்லுங்கதான், ஒவ்வொண்ணும் தனித்தனியா பக்கா சாலிட்.

இதுக்கு நேர் எதிர் ஒண்ணு இருக்கு. பிட்ச்னு தார் மாதிரி ஒரு சாமான், சுத்தியலால அடிச்சா சில்லு சில்லா நொறுங்கும். ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து யூனிவர்சிட்டில தாமஸ் பார்னெல்ங்கிற புரொபசர் 1927ல அத சூடாக்கி ஒரு புனல்ல ஊத்தி வச்சு, மூணு வருஷம் கழிச்சு புனலோட அடிய வெட்டி விட்டாரு. முதல் சொட்டு விழவே எட்டு வருஷம், 2014 வரைக்கும் மொத்தமே 9 சொட்டு! அப்ப அது திரவம்தான், நமக்குத்தான் பொறுமை இல்ல. (உடனே பழைய ஜன்னல் கண்ணாடியும் இப்படித்தான் ஒழுகி அடியில தடிச்சுப் போகுதுன்னு யாராவது சொல்லுவாங்க, நம்பாத, அந்தக் காலத்துல கண்ணாடி பண்ணும்போதே ஒரே தடிமனா வராது, அவ்ளோதான்.)

இப்ப வண்டி கதை. போன வாரம் பிரேக்க மிதிச்சா பஞ்ச மிதிக்கிற மாதிரி உள்ள போகுது, எனக்கு உயிரே போயிருச்சு. பிரேக் ஆயில் போற லைன்ல ஏர் புகுந்துருச்சு சார்னு மெக்கானிக் சொன்னாரு. யோசிச்சுப் பாத்தா எல்லாம் அதே பாடம்தான்டா. திரவத்த அமுக்குனா அது பெருசா சுருங்காது, அதனால நம்ம கால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகுது. வாயுல பூரா காலி இடம். ஒரு லிட்டர் தண்ணி 100 டிகிரில ஆவியானா ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்த அடைக்கும், அதாவது மூலக்கூறுங்க முன்ன இருந்தத விட 12 மடங்கு தள்ளித் தள்ளி நிக்குது. அந்த மாதிரி ஒரு குமிழி நடுவுல இருந்தா நாம மிதிக்கிறதெல்லாம் அத சுருக்கவே சரியாப் போயிடுது. ஏர் எடுத்து விட்டதும் பெடல் கல்லு மாதிரி ஆயிருச்சு. பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கும்டா, சூடேறுனா அந்த ஈரமும் கொதிச்சு ஆவியாகும், நீ மாத்தி எத்தன வருஷமாச்சுன்னு போய்ப் பாரு முதல்ல.

உன் முட்டி வலி எப்படி இருக்கு? எழுதவே இல்லயே.

பொண்ணுக்கு என் பதில் கேள்வி இது: ஷேவிங் ஃபோம்ல இருக்கிறது கொஞ்சம் திரவம், மீதி வாயு, அப்புறம் அது எப்படி கையில குன்று மாதிரி அசையாம நிக்குது? விடை நீ சொல்லிக் குடுக்காத.

உன் மாப்ள