பொய்க்கால் தேயும், பொருளாளர்களே: புலம்பெயர் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இயங்கும் வடபகுதி ஊர்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், முக்கியமாகப் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் பணத்தில் இங்கே பள்ளிக்கூடத்துக்கு மாடி எழுந்திருக்கிறது, வாசிகசாலைக்குக் கூரை வந்திருக்கிறது, கோயில்களுக்குத் திருப்பணி நடந்திருக்கிறது. அவற்றில் குறை காண நான் வரவில்லை. உங்கள் வருடாந்தக் கணக்கில் ஒரு தலைப்பை நிரந்தரமாகச் சேர்க்கச் சொல்லியே எழுதுகிறேன்: தேய்ந்த பொய்க்காலை மாற்றும் செலவு.

மிதிவெடியில் கால் போனவருக்கு முதல் கால் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் 1980களிலிருந்தே ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கிறார்கள். போர் முடிந்த கையோடு பல அமைப்புகள் வந்தன. மேடை போட்டு, பதாகை கட்டி, ஆட்களை வரிசையாக உட்காரவைத்துக் கால் கொடுத்த விழாக்களையும் பார்த்திருக்கிறோம். படம் எடுத்து முடிந்த மறுநாளிலிருந்தே அந்தக் கால் தேயத் தொடங்கும் என்பதை எந்த விழாவிலும் யாரும் சொல்லவில்லை. வளர்ந்த ஒருவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் புதிய கால் தேவைப்படும். வயலில் இறங்குகிறவருக்கு அதற்கும் முன்பே. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். அதோடு, பிள்ளைகளுக்கு எலும்பு அதை மூடியிருக்கும் சதையைவிட வேகமாக வளரும். வெட்டுண்ட இடத்தில் அது தோலைக் குத்திக்கொண்டு வந்தால் மறுபடியும் அறுவைச் சிகிச்சைதான். பத்து வயதில் கால் இழந்த பிள்ளை எழுபது வயதுவரை வாழ்ந்தால் எத்தனை கால் வேண்டும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். இருபதைத் தாண்டும்.

கமக்காரர் ஒருவருக்குத் துணையாகப் பொய்க்கால் செய்யும் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஜெய்ப்பூர்ப் பாதம் ரப்பரால் ஆனது. வெறுங்காலோடு சேற்றில் நடக்கலாம், குந்தியிருக்கலாம். நம்முடைய வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான பாதம் இல்லை. ஆனால் அவருடையது விரல் மடியும் இடத்தில் பிளந்து போயிருந்தது. சைக்கிள் டியூபைக் கீலமாக வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார். வருடப்போக்கில் கால் மெலிந்து, பொய்க்கால் தளர்ந்துவிட்டதால் உள்ளே பழைய சாரத் துண்டைத் திணித்திருந்தார். துணியை எடுத்தால், முழங்காலுக்குக் கீழே காசளவு புண். புண் ஆறாமல் அளவெடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனபோதுதான் எலும்பு துருத்தும் இடங்களை நீலப் பென்சிலால் குறித்து, சாந்துத் துணியை நனைத்துச் சுற்றி அச்செடுத்தார்கள். அந்தக் குறிகள் அச்சின் உட்புறத்தில் பதியும்; அங்கே அழுத்தம் விழாதபடி பொய்க்காலைச் செதுக்குவார்கள். பிறகு பொருத்திப் பார்க்க ஒருமுறை, நடந்து பழக ஒருமுறை.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவரிடம் கேட்டேன். கால் இலவசம்தான், வந்து போவதுதான் கட்டுப்படியாகவில்லை என்றார். ஒவ்வொரு பயணத்துக்கும் பஸ் காசு, ஓட்டோக் காசு, அன்றைய கூலி இழப்பு. நான் கேட்கும் பணம் பெரும்பாலும் இதற்குத்தான். ஆயிரக்கணக்கான டொலர் வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் வர வேண்டும். விழா எடுக்க வசதியில்லாத செலவு என்பதால் அதற்குப் பணம் தருகிறவர் குறைவு.

ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், வெளிநாட்டு உதவிக்கு முடிவுத் தேதி கண்ணுக்குத் தெரிகிறது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் 1க்குள் கண்ணிவெடிகளை அகற்றி முடிக்க வேண்டும். வெடி அகற்றும் வேலை முடிந்ததும் கொடையாளர்கள் கணக்கை மூடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் வெடி அகற்றும் அணிகள் ஒரே நாளில் கையைக் கட்டிக்கொண்டு நின்றன. நம் ஆட்களின் கால் இன்னொரு நாட்டுத் தேர்தலை நம்பி இருக்கக் கூடாது.

இங்குள்ள வெடி அகற்றும் அணிகளில் பெண்கள் நிறைய. கணவனைப் போரில் இழந்து, குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள் பலர். முகக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்து, வெயிலில் முழந்தாளிட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதையில் முன்னேறுகிறார்கள். பிளாஸ்டிக் மிதிவெடிகளில் உலோகம் மிகக் குறைவு. கருவி ஒலிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் பல இடங்களில் நீண்ட பிடியுள்ள வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரியெடுத்துத் தேடுகிறார்கள். 2028க்குப் பிறகு இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்டால் பதில் இல்லை. உங்கள் சங்கத்துக்கு இங்கே பண்ணையோ ஆலையோ தொடங்கும் யோசனை இருந்தால், ஆள் தேடும்போது இவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. 2000 முதல் 2009 தொடக்கம்வரை கிளாலி, முகமாலை, நாகர்கோவில் (குமரி மாவட்டத்து ஊர் அல்ல, நம்முடையது) என்று நீண்ட முன்னரங்கில் இரு தரப்பும் வெடி புதைத்தன. இராணுவம் புதைத்தவற்றில் பலவற்றுக்கு வரைபடம் இருந்தது. புலிகள் புதைத்தவற்றுக்கு அநேகமாக இல்லை. உங்கள் மேடைகளில் இதில் ஒரு பாதிதான் பேசப்படுகிறது. ஜொனி மிதிவெடி என்றால் என்ன என்று இங்குள்ள எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்; அது புலிகளே செய்தது, எங்கிருந்தும் இறக்குமதியானது அல்ல. கால் போனவருக்கு அது யார் புதைத்தது என்ற கணக்கால் ஒரு பயனும் இல்லை. ஆனால் உதவி கொடுக்கும்போது மாவீரர் குடும்பமா, மற்றவரா என்று பட்டியல் பிரிக்காதீர்கள்.

உங்கள் உறுப்பினர்களில் பலருக்கு இங்கே காணி உண்டு. அங்கிருந்து தொலைபேசியில் ‘பத்தையை வெட்டித் துப்புரவாக்கு’ என்று சொல்வது எளிது. பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) ஓட்டுகிறவரும் கத்தியோடு போகும் கூலியாளும்தான் அந்த மண்ணில் இறங்குகிறார்கள். பழைய முன்னரங்குப் பக்கம் காணி இருந்தால், அது பரிசோதிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டதா என்று கிளிநொச்சியிலுள்ள பிராந்திய கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் முதலில் கேட்கச் சொல்லுங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும் கிணறு தோண்டும்போது எறிகணை வெளிப்படலாம். குப்பைக்குத் தீ வைப்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதையாவது கண்டால் தொடாமல் பொலிஸின் 119க்கு அழைக்க வேண்டும். பழைய இரும்புக்கு நல்ல விலை கிடைப்பதால் பொடியன்கள் கை வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பத்து ஆண்டுக்குக் குறையாமல் தருவதாகத் தீர்மானமாக எழுதுங்கள், அடுத்து வரும் நிர்வாகம் அதை மாற்ற முடியாதபடி. பணத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். கால் செய்யும் நிலையத்தோடு நேரடியாகப் பேசி, பயணச் செலவுக்கும் கூலி இழப்புக்கும் என்று குறிப்பிட்டுக் கொடுங்கள். கால் பொருத்திக்கொண்டவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்; ரசீது போதும்.

அன்புடன்,
கால் மாற்றப் போகிறவர்களுக்குத் துணையாகப் போய்வரும் ஒருவன்,
கிளிநொச்சி