பிழையான விடைகளை மாணவர் எழுதட்டும்

மட்டக்களப்பில் மருத்துவமும் தாதியமும் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பிள்ளைகள் வாட்டில் பல வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. பயிற்சிக்கு வரும் மாணவர்களோடு நின்று பழகிய உரிமையில் ஒன்று கேட்கிறேன்: பல்தேர்வு வினாக்களை, அவற்றின் பிழையான விடைகளோடு, மாணவரே எழுதட்டும்.

பரீட்சை நெருங்கினால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். பழைய வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி அடித்து விடையைப் பாடமாக்குவார்கள். நானும் அப்படித்தான் பாஸ் பண்ணினேன். அப்புறம் வாட்டில் நின்று முழித்ததும் நான்தான்.

ஒரு இரவு டியூட்டியில் மூன்று மாணவிகளிடம், டெங்கு பற்றி ஆளுக்கொரு பல்தேர்வு வினா எழுதச் சொன்னேன். வினாவும் சரியான விடையும் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. பிழையான விடைகளில்தான் மாட்டிக்கொண்டார்கள். 'டெங்கைப் பரப்புவது எது' என்று கேட்டு, ஈடிஸ் நுளம்புக்குப் பக்கத்தில் ஈயையும் கரப்பானையும் போட்டால் யார்தான் பிழை விடுவார்கள்?

அந்த நேரம் படுவான்கரையிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்: "மகள், காய்ச்சல் விட்டுத்துத்தானே, புள்ளய ஊட்ட கூட்டித்துப் போகவா?"

ஒருத்தி உடனே பேனையை எடுத்தாள். ஐந்தாம் நாள், காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளைக்கு வயிற்று நோ, கைகால் குளிர்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு அனுப்பலாம், நோவுக்கு ஐபுபுரோபன் கொடுக்கலாம், நித்திரை கொள்ள விடலாம் என்று பிழையான விடைகள் தாமாகவே வந்தன. ஒவ்வொன்றும் எங்கோ யாரோ செய்கிற பிழை. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்து என்று அவள் முன்பே படித்திருந்தாள். அது ஒரு தாயை எப்படி ஏமாற்றும் என்பதை அன்றுதான் யோசித்தாள்.

இது புதுக் கதையும் இல்லை. திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிடத் தங்களைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகர், கார்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டினார்கள். மாணவர் தாமே வினா எழுதி, ஒருவர் வினாவுக்கு மற்றவர் விடை சொல்லித் திருத்துவதற்கென்றே நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பியர்வைஸ் என்ற இணையத்தளத்தை உருவாக்கினார்கள். நமக்கு அதுகூட வேண்டாம், ஒரு வாட்ஸ்அப் குழு போதும்.

கிழமைக்கு ஒரு வினா. ஒவ்வொரு பிழையான விடைக்கும் அது ஏன் பிழை என்று ஒரு வரி. தமிழில் எழுத வந்தால் தமிழிலேயே எழுதட்டும், நோயாளி பேசுவதும் அதில்தானே. முதலில் சக மாணவர் திருத்தட்டும், கடைசியாக நீங்கள் பாருங்கள். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிழையான விடை சரியென்று சுற்றத் தொடங்கினால் வாட்டுக்கும் வந்து சேரும். எழுதினால் புள்ளி என்று மட்டும் சொல்லிவிட்டாலும் சரிவராது. புத்தக வரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டுத் தந்துவிடுவார்கள், நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்.

நல்லதாக வந்தவற்றில் இரண்டையாவது வருட இறுதிப் பரீட்சையில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு தாதிய உத்தியோகத்தர்,
மட்டக்களப்பு