நூல் யார் காசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மகளிர் தினத்தை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, 1857 மார்ச் 8 அன்று நியூயார்க் ஆலைப் பெண்கள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் அடித்து விரட்டியது, அதன் நினைவாகத்தான் இந்த நாள் என்று தொடங்குகிறது. பள்ளிக்கூட மேடையில் இதையே பேசிப் பரிசு வாங்கியவள்தான் நானும். ஆனால் அப்படி ஓர் ஊர்வலம் நடந்ததற்கு அந்தக் காலப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. 1955-ல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் பத்திரிகையில் முளைத்த கதை அது என்பதை பிரான்சின் பெண் ஆய்வாளர்களே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சரி, தேதியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நடந்ததைச் சொன்னாலே போதுமே என்பதுதான் என் ஆதங்கம். 1910-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கூடிய சோஷலிசப் பெண்கள் மாநாட்டில் ஜெர்மன் சோஷலிசத் தலைவி கிளாரா ஜெட்கினும் தோழிகளும் இந்த நாளை முன்மொழிந்தது யாருக்கும் அஞ்சலி செலுத்த அல்ல, ஓட்டுரிமை கேட்க. முதல் சர்வதேச மகளிர் தினம் 1911 மார்ச் 19. மார்ச் 8 நிலைத்ததே 1917-ல் ரஷ்யத் தலைநகர் பெட்ரோகிராட் ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய பிறகுதான்.

கோபன்ஹேகனுக்கு முந்தைய ஜெர்மனியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. பெர்லினைத் தலைநகராகக் கொண்ட ஜெர்மன் அரசான பிரஷ்யாவில் 1850-ல் வந்த சங்கச் சட்டப்படி பெண்கள் அரசியல் சங்கத்தில் சேரக்கூடாது, அதன் கூட்டத்துக்கும் போகக்கூடாது. 1885-ல் தையல் நூலுக்கு இறக்குமதி வரியைக் கூட்டப் பார்த்தார்கள். பெர்லின் தையல்காரப் பெண்கள் கொதித்துவிட்டார்கள். பல இடங்களில் நூலுக்கான காசு அவர்கள் கூலியிலிருந்துதான் போனது. (என் அம்மா பீஸ் கணக்கில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்த நாளில் நூல்கண்டும் பாபினும் அவர் செலவுதான். மாதக் கடைசியில் நூல் தீர்ந்தால் மிஷின் சும்மா கிடக்கும்.) நூலை முதலாளியே தொழிலாளிக்கு விற்கிறாரா என்று அரசே விசாரணை நடத்த வேண்டி வந்தது. அதே ஆண்டு அந்தப் பெண்கள் தொடங்கிய சங்கத்தை 1886-ல் போலீஸ் கலைத்தது.

பிறகு குழு அமைத்தார்கள். 1895-ல் அதையும் "இதுவும் சங்கம்தான்" என்று கலைத்தார்கள். ஒற்றை ஆளைச் சங்கம் என்று சொல்ல முடியாதே! ஊருக்கு ஒரு பெண்ணை, இயக்கத்தின் வேலைகளைப் பொறுப்பேற்றுச் செய்யும் "நம்பிக்கையாளர்" என்று கூட்டத்தில் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம் நாடு முழுவதற்கும் தலைமை நம்பிக்கையாளராக வந்தவர் ஒட்டிலி பாடர் என்ற தையல்காரி. வீட்டிலேயே மிஷின் போட்டு, காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் நள்ளிரவு வரை தைத்தவர். கடிதம் எழுதுவது, பேச்சாளரை அனுப்புவது, துண்டறிக்கை அச்சடிப்பது என்று அலுப்புத் தட்டும் வேலைகளைத்தான் அவர் வருடக்கணக்கில் பார்த்தார். 1902-ல் பிரஷ்ய உள்துறை அமைச்சர் இறங்கிவந்து கொடுத்த சலுகையைக் கேளுங்கள்: கூட்டத்தில் தனியாகப் பிரித்த பகுதியில் பெண்கள் உட்கார்ந்துகொள்ளலாம், வாய் மட்டும் திறக்கக்கூடாது. 1908-ல்தான் அந்தத் தடை முழுதாக விலகியது.

நியூயார்க்கை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. 1909 நவம்பரில் கிளாரா லெம்லிச் என்ற இளம்பெண் மேடையேறி, பேசியது போதும், வேலைநிறுத்தம் செய்வோம் என்று கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசும் இட்டிஷ் மொழியில் சொல்ல, சட்டை தைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தார்கள். அங்கேயும் ஊசிக்கும் மின்சாரத்துக்கும் கூலியில் பிடித்தம் இருந்தது. அதற்குச் சான்று இருக்கிறது, தாராளமாக எழுதலாம்.

அடுத்த மார்ச்சில் 1857 கதையை மறுபடி போடும் எண்ணம் இருந்தால், அந்த அரைப் பக்கத்தை ஒட்டிலி பாடருக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.