முதல் குண்டு ஏன் மெதுவாகப் போகிறது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய படங்களும் வேகக் கணக்கும் வந்து சேர்ந்தன. கணக்கை மூன்று முறை படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். இரவு முழுவதும் சும்மா இருந்த காற்றுத் துப்பாக்கியில் காலையில் முதல் குண்டு நொடிக்கு 228 மீட்டர், அடுத்தவை 247, 248, 247 என்று ஏழு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறித்திருக்கிறாய். முதல் குண்டு மெதுவாகப் போவதால், சிலிண்டரின் உயர் அழுத்தத்தை ஒரே அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் இரவில் அழுத்தத்தை இழக்கிறது என்று முடிவு கட்டி, அதன் வில் (ஸ்பிரிங்) அடுக்கில் இன்னொரு வாஷர் சேர்த்து, பிஸ்டனின் நடுத்துளையையும் பெரிதாக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். துளையிடும் கருவியைக் கொஞ்சம் கீழே வை. உன் கணக்கு சரி. அதிலிருந்து நீ எடுத்த முடிவுதான் தலைகீழ்.

ரெகுலேட்டருக்கும், குண்டின் பின்னால் காற்றைத் திறந்துவிடும் வால்வுக்கும் நடுவே உள்ள அறையில் அழுத்தம் குறைந்தால், ரெகுலேட்டர் உடனே திறந்து அதை நிரப்பிவிடும். அதன் வேலையே அதுதான். சிலிண்டரில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) இருக்கும்போது, 120க்கு வைத்த அறை அதற்குக் கீழே இறங்கித் தங்குவதற்கு வழியில்லை. 1780களில் ஆஸ்திரியப் படையினரிடம் இருந்த ஜிரான்டோனி காற்றுத் துப்பாக்கியில் குடுவையின் அழுத்தம் இறங்க இறங்கக் குண்டின் வேகமும் இறங்கியது, ஏனென்றால் அதில் ரெகுலேட்டரே கிடையாது. உன் துப்பாக்கியில் நடப்பது வேறு. ரெகுலேட்டரின் பிஸ்டன், காற்றை அடைப்பதற்காக அது வந்து உட்காரும் பிளாஸ்டிக் சீட்டின் (seat) மேல் முழுதாக மூடாமல், ஒரு மயிரிழை வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இரவெல்லாம் அறையின் அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் வால்வைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடிப்பதால், வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தி வழக்கமான விசையில் தட்டினாலும் வால்வு பாதிதான் திறக்கிறது. அதிக அழுத்தம், குறைந்த காற்று, மெதுவான குண்டு. அதைச் சுட்டுவிட்டதும் அறையின் அழுத்தம் 120க்குக் கீழே இறங்கி, அறை மறுபடி 120க்கு நிரம்புகிறது, அடுத்த குண்டுகள் ஒழுங்காகப் போகின்றன. இந்த நிலையில் வாஷர் சேர்த்து அழுத்தத்தை இன்னும் கூட்டினால் காலைக் குண்டு இன்னும் மெதுவாகும்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பார். ஒரு குண்டு சுட்டுவிட்டுப் பத்து நிமிடம் விட்டு அடுத்ததைச் சுடு. பிறகு ஒரு மணி நேரம் விட்டு. பிறகு ஆறு மணி நேரம் விட்டு. இடைவெளி கூடக் கூட வேகம் குறைந்துகொண்டே போனால், அது சீட்டின் கசிவுதான்.

பிஸ்டனைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன், மனத்தில் வைத்துக்கொள். அதன் தலை 10 மில்லிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். 120 பார் அழுத்தம் அதன் மேல் 940 நியூட்டனுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது ஏறக்குறைய 96 கிலோ எடையாக உட்காருகிறது. அந்த எடையைத் தாங்கி நிற்பவை நீ படமெடுத்து அனுப்பிய குழிவான தட்டு வாஷர்கள். பெல்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1867இல் காப்புரிமை பெற்றதால் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகின்றன. ஒன்றுக்கொன்று எதிர்முகமாக அடுக்கினால் நகரும் தூரம் கூடும், விசை கூடாது. ஒரே முகமாக ஒன்றினுள் ஒன்று பொருத்தினால் விசை இரட்டிப்பாகும், உரசலும் சேர்ந்துகொள்ளும். உன் மூன்றாவது படத்தில் கீழிருந்து நான்காவதும் ஐந்தாவதும் ஒரே முகமாக இருப்பது போல எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சத்தில் பார்த்துச் சொல்.

இனி வேலைக்கு வருவோம். அதற்கு முன் ஒன்று, இதை நான் அனுபவித்துக் கற்றேன். பட்டறை தொடங்கிய புதிதில், சிலிண்டரைத் திறந்து காற்றை முழுதாக விட்டேன், கேஜில் ஊசி பூஜ்யத்தில் நின்றது, ரெகுலேட்டரின் மூடியைக் கழற்றப் போனேன். மரை அசையவில்லை. துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து நீளமான சாவியைப் போட்டு நெம்பினேன். கடைசி இரண்டு மரைகள் தாங்கவில்லை. மூடி என் காதருகே போய்ச் சுவரில் மோதி, கட்டைவிரல் நுனி புதையும் அளவுக்குக் குழி போட்டது. சிலிண்டர் காலியானாலும், அறையில் இருக்கும் 120 பார் பிஸ்டனை மூடியபடியே பிடித்துக்கொள்ளும், அந்தக் காற்று எங்கும் போகாது, சிலிண்டர் பக்கத்துக் கேஜும் அதைக் காட்டாது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடிக்குப் பின்னால் அது ஏறத்தாழ 600 கிலோ விசை. குண்டு போடாமல், குழல் பாதுகாப்பான பக்கம் இருக்க, சத்தம் முழுதாக நிற்கும் வரை பலமுறை துப்பாக்கியின் விசையை (டிரிகரை) அழுத்திக் காற்றை வெளியேற்று. கையால் திரும்பாத மூடியை நெம்பாதே; உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அது சொல்கிறது.

சீட்டை வெளியே எடுத்து உருப்பெருக்கியில் பார். பிளாஸ்டிக்கின் மேல் பிஸ்டன் தண்டின் விளிம்பு பதிந்து ஒரு வளையம் தெரியும். வளையம் முழுதாகவும் ஒரே அகலமாகவும் இருந்தால் குறை விளிம்பில். ஓரிடத்தில் மட்டும் ஆழமாகவோ, குறுக்கே ஒரு கீறலாகவோ இருந்தால் குறை சீட்டில், பெரும்பாலும் உள்ளே வந்த உலோகத் துகளால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கடைந்த சீட்டாக இருந்தால் திருப்பிப் போட்டாலே போதும். இல்லையென்றால் டெல்ரின் அல்லது பீக் என்ற கடினப் பிளாஸ்டிக் கம்பியில் புதிதாகக் கடைந்துகொள்; கூர்மையான வெட்டுளியால் முகத்தை ஒரே ஓட்டத்தில் எடு, உப்புத்தாள் போடாதே, அதன் துகள் பிளாஸ்டிக்கில் புதைந்துகொள்ளும்.

தண்டின் விளிம்பு தனிக் கதை. அதைக் கையில் பிடித்துத் தேய்த்தால் நிச்சயம் சாய்வாகிவிடும், நானே இரண்டு பிஸ்டன்களை அப்படிக் கெடுத்திருக்கிறேன். தண்டு ஆடாமல் நிமிர்ந்து நிற்க, அதன் அளவுக்குத் துளையிட்ட ஒரு பித்தளைக் கட்டையை வழிகாட்டியாக வைத்து, கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய 2000 எண் உப்புத்தாளில் தண்ணீர் விட்டு, 8 என்ற இலக்கத்தைப் போல மெல்லச் சுழற்று. சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் மெல்லிய வெள்ளிக் கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வர வேண்டும். அது போதும். கோடு தடித்தால் அழுத்தம் பரவிக் கசியும், கத்தி முனையானால் சீட்டை வெட்டும். நடுத்துளையைத் தொடாதே: துளை பெரிதானால் 200 பாரைத் தாங்கும் சுவர் மெலிகிறது, விளிம்பும் கெடுகிறது, நிதானமாகச் சுடும் உனக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

ரெகுலேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளையைப் பழுது என்று நினைத்து எபாக்சிப் பசை வைத்து அடைக்கலாமா என்று கேட்டாயே, அதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாஷர்கள் இருக்கும் இடம் வெளிக்காற்றோடு சேர்ந்திருப்பதற்காகவே அந்தத் துளை. அடைத்தால், ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) வழியே கசியும் காற்று அங்கே தேங்கி வாஷர்களோடு சேர்ந்து தள்ளும், அறையின் அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதில் காற்று சீறினால் ஓ-ரிங்குகளில் ஒன்று போய்விட்டது என்று பொருள். புதிதாகப் போடும்போது சிலிகோன் கிரீஸ் மட்டும், அதுவும் மினுமினுப்பு தெரியும் அளவே தடவு. இயந்திர எண்ணெய் ஆகவே ஆகாது. உயர் அழுத்தக் காற்று சட்டென்று நிரம்பும்போது உண்டாகும் சூட்டில் அது பற்றிக்கொள்ளும்.

சீட்டின் உயரம் கொஞ்சம் குறைந்தாலும் பிஸ்டன் கூடுதல் தூரம் போய்த்தான் மூடும், அதனால் அழுத்தம் பழையதைவிட ஏறியே நிற்கும். சரிசெய்யும் திருகை முதலில் நன்றாகத் தளர்த்தி வைத்துவிட்டு, கேஜோடு கூடிய சோதனைக் கட்டையில் பொருத்தி, கைப் பம்பால் மெல்ல ஏற்றி, கீழிருந்து 120க்கு வா. அங்கே ஊசி நின்றதும் நேரத்தைக் குறித்துக்கொண்டு தூங்கப் போ. காலையில் இரண்டு மூன்று பார் ஏறியிருந்தால் கவலைப்படாதே, புதுச் சீட்டு படிய ஓரிரு நாள் எடுக்கும். பத்துக்கு மேல் ஏறியிருந்தால் மறுபடியும் விளிம்பைப் பார்.

பழைய சீட்டை எறிந்துவிடாதே, அடுத்த முறை வரும்போது எடுத்து வா. அந்த வளையத்தை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்று இடைவெளிகளின் வேகத்தையும் இந்த வாரமே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா